ஒழுகாத கூரை

எங்கள் பழைய கிறிஸ்தவக் கோயிலைப் பார்வையிட அரசாங்கத்திலிருந்து ஓர் அம்மாள் வருகிறாள் என்றதும் என் கணவர் க்ளோவிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நவம்பர் குளிரில் பசுக்களை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டார். தீவனத் தொட்டிகளைத் துணி போட்டு மூடினார். அந்தக் கோயில் எண்ணூறு வருஷத்துக் கல் கட்டடம், எங்களுடையது. பிரெஞ்சுப் புரட்சியில் சாமியார்கள் ஓடிப்போன நாளிலிருந்து எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்தவள் பெயர் மதாம் வெரில்லோ. தூண்களின் தலையில் செதுக்கிய சிங்கங்களை வாய் பிளந்து பார்த்தாள். பிறகு தூணில் அடித்திருந்த இரும்பு வளையம் கண்ணில் பட்டது.

"இங்க மாடு கட்டுறீங்களா?"

"எப்பவாவது..." என்று இழுத்தார் க்ளோவிஸ்.

"இனிமே வேணாம். புனிதமான இடம், பூட்டிடலாம். பக்கத்து ஊர்க் கோயிலையும் அப்படித்தான் பூட்டி வச்சோம்."

 பனிக்காலத்தில் எங்கள் பசுக்களுக்கு இதை விட்டால் வேறு கூரை கிடையாது.

"அந்தக் கோயில் இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"போன வருஷம் கூரை விழுந்துடுச்சு," என்றாள் மெதுவாக.

"விழாம என்ன பண்ணும்? பூட்டின கதவுக்குள்ள ஒழுகினா யாருக்குத் தெரியும்? எங்களுக்கு உள்ள வச்ச காய்ஞ்ச புல்லு நனையக் கூடாது. கூரைல ஒரு கல்லு நகர்ந்தா அன்னைக்கே மேல ஏறிடுவோம்."

"எர்மின், வாய மூடு!" என்று என்னை அதட்டினார் க்ளோவிஸ்.

"நீ சும்மா இருய்யா. மாட்ட ஒளிச்சு வச்ச ஆளு!"

பெரிய கதவைத் திறந்தேன். கறவை நேரம்; செவலைப் பசுக்கள் ஏற்கெனவே வாசலில் வந்து நின்றிருந்தன. யாரும் ஓட்டவில்லை. ஒவ்வொன்றும் தன் தூணைத் தேடி மகாராணி போல நடந்தது. மார்க்கீஸ் என்ற மூத்த பசு மட்டும் மதாமை முட்டாத குறையாக ஒதுக்கிவிட்டுச் சிங்கத்துக்குக் கீழே போய் நின்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மதாம் அண்ணாந்து பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"கூரைய யாரு வேய்ஞ்சாங்க?"

"இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க எல்லாரும். முதல் பனிக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பலகைக்கல் வைக்கணும். நான் ஏறினப்ப இவரு கீழ நின்னு நடுங்கினாரு. இந்தக் கூரையப் பத்தி நீங்க முடிவு சொல்லணும்னா, நீங்களும் ஒரு கல்லு வையுங்க."

க்ளோவிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

 மதாம் குதி உயர்ந்த செருப்பைக் கழற்றினாள்.

"ஏணி எங்க?"

கல்லை வைத்துவிட்டு மதாம் கீழே இறங்கியபோது கோட்டெல்லாம் பாசி, முழங்காலில் சிராய்ப்பு. "மாடுங்க இங்கேயே இருக்கட்டும். அப்படியே எழுதிடறேன்," என்றாள். காரில் ஏறப் போனவள் திரும்பினாள். "என் கல்லு ஒழுகினா சொல்லி அனுப்புங்க. நானே வந்து மாத்தறேன்."

கல் கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சொல்லியனுப்ப இதுவரை அவசியம் வரவில்லை.