பத்து வீட்டில் ஒரு வீடு

அனு பல் விளக்கிக்கொண்டே சொன்னாள். வாயில் நுரை இருந்ததால் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே தமிழினிக்குப் போதுமாயிருந்தது.

"பீமாராவ் அண்ணன் காத்தாலயே கிளம்பிட்டாரு. நீ சர்வே எடுத்த வீட்டுக்குத்தான். தளவானூர் ரோட்டுல, நீல கேட்டு போட்ட வீடு."

"சுமலதா அக்கா வீடா?"

"அதான். வீட்டுக்காரருக்கு போன் போட்டு, அவரும் இருக்கறாருன்னு தெரிஞ்சிக்கினுதான் போனாரு."

தமிழினி கையிலிருந்த சீப்பை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகம். வங்கிக் கணக்கு, குடியிருக்கும் வீடு, மனநிம்மதி, இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பேச்சில் சொல்லிவிடுவாள். ஆனால் ஊர் ஊராக வீடு ஏறிக் கேட்டால்தான் பேராசிரியர்களுக்குத் தூக்கம் வரும். அப்படிக் கேட்டு வருவதற்காகத்தான் தமிழினியும் அனுவும் செஞ்சியில் அறை எடுத்துத் தங்கி, டேப்லெட்டும் கையுமாக அலைகிறார்கள். அவர்கள் உண்மையிலேயே வீட்டுக்குப் போனார்களா, இல்லை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து தாங்களே பதிலைப் போட்டுக்கொண்டார்களா என்று பார்ப்பது மேற்பார்வையாளர் பீமாராவின் வேலை. பத்து வீட்டில் ஒரு வீட்டுக்குத் திரும்பப் போய் அதே கேள்விகளில் சிலதைக் கேட்பார். பதில் மாறினால் பழைய பதில் திரையில் சிவப்பாக வரும். ஏன் மாறியது என்று அங்கேயே கேட்டாக வேண்டும்.

பொய்க் கணக்கைப் பிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உண்மையைச் சொன்னவள் இதில் என்ன ஆவாள் என்று மட்டும் எந்தப் புண்ணியவானும் யோசிக்கவில்லை.

போன வாரம் சுமலதாவும் முதலில் "அக்கவுண்டா, எனக்கு ஏதுங்க" என்றுதான் சொன்னாள். தமிழினி அதை அப்படியே போட்டுக்கொண்டு எழுந்திருக்கலாம். ஆனால் ஆளைப் பேச வைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு ஒரு தலைக்கனம். டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, சுமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ட சொன்னது வெளிய போவாதுக்கா. சத்தியமா."

சுமலதா தெருவை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள். செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. சம்பளத்தைப் புருஷன் வாங்கிக்கொள்கிறான். கடையில் சம்பளம் ஏற்றிக் கொடுத்தது அவனுக்குத் தெரியாது. ஏறிய பணம் அவள் பேரில் உள்ள கணக்குக்குப் போகிறது, பாஸ்புக் கடையிலேயே இருக்கிறது. செஞ்சியில் ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் சேர்ந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இதற்கு முன் அரிசிப் பானையில் சேர்த்ததை அவன் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து அவளுடைய வலது மோதிர விரல் மடங்குவதில்லை. அதையும் நீட்டிக் காட்டினாள்.

கடைசிக் கேள்வி நிம்மதியைப் பற்றியது. அடிமட்டம் பூஜ்யம், உச்சி பத்து என்று ஓர் ஏணியின் படம். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

"இங்க இருக்கற வரைக்கும் ரெண்டு. போயிட்டேன்னா எட்டு," என்று சொல்லிச் சிரித்தாள் சுமலதா. பதில் சொன்னவர்களுக்கெல்லாம் கொடுக்கிற, பல்கலைக்கழக முத்திரை போட்ட எவர்சில்வர் டப்பாவைத் தயங்கித்தான் வாங்கினாள். "அவரு கண்ணுல படாம வெச்சிக்கறேன்."

விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே தமிழினி பீமாராவுக்கு மறுபடியும் மறுபடியும் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சுமலதாவுக்குத் தனிப் போன் கிடையாது. டேப்லெட்டில் அந்த வீட்டுக்கு இருக்கும் எண் புருஷனுடையது. கோட்டை மலையும் பாறைக் குன்றுகளும் ஜன்னலில் நகர்ந்தன. பஸ் நகருவதாகவே அவளுக்குத் தெரியவில்லை. அந்த விரல்தான் கண்ணிலேயே நின்றது. தன் பெருமைக்காக ஒருத்தியைப் பேச வைத்து, இப்போது அவளை அவனிடமே பிடித்துக் கொடுக்கப்போகிறோம் என்ற பயத்தில் கம்பியைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது.

தளவானூர் பிரிவு ரோட்டில் இறங்கினால், ஷேர் ஆட்டோக்காரர் ஆள் சேரட்டும் என்றார். "எல்லார் காசும் நானே குடுக்கறேன், எடுங்கண்ணா," என்று கத்தினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

நீல கேட் திறந்திருந்தது. வாசலில் பீமாராவின் பைக்.

பெண்டாட்டியை அடிக்கிறவன் முரடனாகத் தெரிவான் என்று தமிழினி நினைத்திருந்தாள். சுமலதாவின் புருஷன் சிவசங்கர் வெள்ளை வேட்டியும் நெற்றியில் விபூதியுமாக, பீமாராவுக்கு நாற்காலி போட்டு, டீயும் கொடுத்து, பவ்யமாக எதிரே உட்கார்ந்திருந்தான். சுமலதா நிலைப்படியில் நின்றிருந்தாள். தமிழினி கேட்டைத் தொடவும் பீமாராவ் பேசவும் சரியாக இருந்தது.

"அக்கவுண்ட் இல்லைன்றீங்க. ஆனா போன வாரம் எங்க பொண்ணு வந்தப்ப, உங்க பேர்ல இருக்குதுன்னு சொல்லி இருக்கீங்களேம்மா?"

சிவசங்கரின் சிரிப்பு மாறவில்லை. கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

"எந்தப் பொண்ணு?" என்றாள் சுமலதா.

"போன வாரம் வந்தாங்களே…"

"யாரும் வரலியே."

அப்போதுதான் சிவசங்கர் கேட்டருகே நின்றவளைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் பார்த்தான். "இந்தப் பொண்ணா?"

சுமலதா தமிழினியை நேருக்கு நேர் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டு பேசிய அதே முகம்தான். அதில் அறிமுகத்தின் அடையாளம் துளிகூட இல்லை.

"இல்ல. இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்ல."

பீமாராவ் எழுந்தார். "தமிழினி, இன்னா இது? நீ வந்தியா, வரலியா?"

மேற்படிப்புக்கு எடுத்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தது, வீடு வீடாக ஏறி இறங்கியது, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றன.

"வரலண்ணா," என்றாள். "நானே போட்டுட்டேன்."

"அடப்பாவி" என்றார் பீமாராவ். அவருக்கு நிஜமாகவே வலித்தது.

சிவசங்கர் மட்டும் விடவில்லை. குரலை உயர்த்தாமல், தங்கையிடம் கேட்பதுபோலக் கேட்டான். "சரிம்மா, வராமயே எழுதிட்ட. என் பொண்டாட்டிக்கு அக்கவுண்ட் இருக்குதுன்னு எதுக்கு எழுதுன? இல்லைன்னு எழுத வேண்டியதுதானே?"

சுமலதாவின் கை நிலையைப் பற்றிக்கொண்டது. நான்கு விரல் மடங்கியது, ஒன்று நீட்டியபடியே நின்றது. அவளுக்குப் பின்னால், கூடத்து ஃபிரிட்ஜ் மேல், முத்திரை வெளியே தெரிய அந்த எவர்சில்வர் டப்பா உட்கார்ந்திருந்தது. மகள் இப்போதுதான் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். சிவசங்கர் திரும்பினால் தெரியும். தமிழினி கண்ணை வலிய இழுத்து அவன் முகத்தில் வைத்தாள்.

"இல்லைன்னு போட்டா ஏன் இல்லைன்னு வரிசையா நிறைய கேள்வி வரும்ண்ணா. இருக்குதுன்னு போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். அதான் எல்லா வீட்டுக்கும் இருக்குதுன்னே போட்டேன்."

"எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும்."

சிவசங்கர் தொடையில் தட்டிச் சிரித்தான். "பாத்தீங்களா சார், படிச்ச புள்ளைங்க லட்சணத்த!"

சிவசங்கரின் தோளுக்கு மேலே பீமாராவின் பார்வை ஃபிரிட்ஜுக்குப் போய் அங்கேயே சற்று நின்றது. பிறகு சுமலதாவின் விரலுக்கு வந்தது. மனுஷன் விதியைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்றுதான் பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். அவர் நாற்காலியைச் சற்று நகர்த்தி, கூடத்து வாசலைச் சிவசங்கருக்கு மறைக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி. முடிச்சிடறேன்," என்று ஏணிப் படத்தைக் காட்டினார். "எந்தப் படியில நிக்கறீங்கம்மா?"

"சொல்லு," என்றான் சிவசங்கர்.

"பத்து," என்றாள் சுமலதா.

பீமாராவ் பதிவு செய்தார். பையிலிருந்து அதேபோல ஒரு டப்பாவை எடுத்து சிவசங்கர் கையில் கொடுத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினான். அவள் உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் மேல் இப்போதும் ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. பழையதா புதியதா என்று தமிழினிக்குத் தெரியாது, இனி சிவசங்கருக்கும் தெரியாது.

ரோட்டுக்கு வந்ததும், பேச்சு கேட்காத தூரம் தள்ளிக்கொண்டு போய், பீமாராவ் பைக்கை உதைக்காமல் நின்றார்.

"டப்பாவ பாத்தேன்."

"தெரியும்ண்ணா."

"இந்த ஒரு வீட்டுக்குன்னு சொல்லி இருக்கலாமே பாப்பா. எதுக்கு எல்லா வீட்டுக்கும்னு சொன்ன?"

"அவன் நம்பி இருக்க மாட்டாண்ணா."

"நீ வரலைன்னுதான் நான் எழுதணும். வேற மாதிரி எழுதினா ஆபீஸ்லேர்ந்து அவன் நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க." அவர் பைக் சாவியைத் துழாவி எடுத்தார். "நீ எடுத்த வீடு அத்தனையும் அழிச்சிடுவாங்க. உன்ன அனுப்பிடுவாங்க."

"எழுதுங்கண்ணா."

அவள் எடுத்த வீடுகளில் மிஞ்சப் போவது பீமாராவ் பதிவு செய்த இந்த ஒரு வீட்டின் பத்துதான். பல்கலைக்கழகத்தில் அதைக் கூட்டி, வகுத்து, பெண்கள் நிம்மதியாக இருப்பதாகக் கட்டுரை எழுதுவார்கள்.

பைக்கில் ஏறும்போது தமிழினி திரும்பிப் பார்த்தாள். சிவசங்கர் கேட்டில் கை வைத்து, அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் சுமலதா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அவள் நிமிரவில்லை. நிமிர்ந்துவிடக் கூடாதே என்றுதான் அந்த நீல கேட் மறையும் வரை தமிழினி வேண்டிக்கொண்டாள்.