கை போதும் என்கிற வரை

பியானோ ஸ்டூலின் மூடியைச் செல்லாயி தூக்கியபோது பகல் பன்னிரண்டு மணி. உள்ளே பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்கள். அவற்றுக்கு அடியில், தனியாக ஒரே ஒரு தாள்.

மூலையில் தேதி: 1951.

மூன்று நாளாக அவள் தேடியது இப்படி ஒன்றைத்தான். மார்ச் மாதம் பட்டணத்தில் பியானோ போட்டி. மூன்று உருப்படி வாசிக்க வேண்டும். பழங்காலத்தது ஒன்று, போன நூற்றாண்டினது ஒன்று, கடைசி இருபது வருஷத்துக்குள் எழுதியது ஒன்று. கடைசியது மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டும் கைவசம் இருந்தன. மூன்றாவதற்கு வழியில்லை. உத்திரமேரூர் ஏரிக்கரை மிஷன் பங்களாவில் இருந்த நோட்டெல்லாம் அவள் அம்மாவுக்கும் மூத்தவை.

ஜெயித்தால் பட்டணத்துப் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் உத்தியோகம். தோற்றால் மறுபடி ஆண்டையின் வயலில் சேற்றில் இறங்கி நாற்று நட வேண்டும். பங்களாவைப் பெருக்கித் துடைக்கப் போன இடத்தில், துரைசானி வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள் அவள். துரைசானி நாலு வருஷத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டாள். பியானோ மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

தாளை நிறுத்தி வைத்து வாசித்தாள். ஒரே பக்கம். வலது கைக்கு நூல் மாதிரி மெல்லிய ஒரு மெட்டு. பாதியில் அது நின்றுவிடுகிறது. பிறகு இடது கை, வரிசையின் இடது கோடியில் உள்ள கடைசிக் கட்டையை மட்டும் தனியாக அடிக்க வேண்டும். எத்தனை தடவை என்று போடவில்லை. பென்சிலில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 'கை போதும் என்கிற வரை.'

டொம்... டொம்... டொம்...

அடித்தாள். கை ஒரு இடத்தில் தானாக நின்றது. மெட்டு திரும்பி வந்து முடிந்தது. கடைசிச் சுரம் அடங்குவதற்குள் வராந்தாவில் தடதடவென்று காலடி. நவரைப் பட்டத்து நெல் நடவில் இருந்த பெண்கள், முழங்கால் வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் சிட்டம்மாள். யாருக்கும் அஞ்சாத வாய்.

"யாருடி செத்தது?"

"யாரும் சாவலியே!"

"பின்ன இன்னாத்துக்குடி முப்பத்தெட்டு அடிச்ச?"

அப்போதுதான் செல்லாயிக்கு உறைத்தது. காலனியில் யார் செத்தாலும் மிஷன் கோயில் மணியை அவர் வயசுக்கு அத்தனை தடவை அடிப்பது வழக்கம். வயலில் இருப்பவர்கள் குனிந்த முதுகை நிமிர்த்தி எண்ணுவார்கள். நின்ற எண்ணிக்கை தன் வீட்டு ஆளின் வயசு என்றால் ஓடுவார்கள். இவர்களும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்.

"இது மணி இல்ல அக்கா. பியானோ."

"அடிப் பாவி! ஆளு ஆளுக்கு வவுத்தக் கலக்கிட்டியே. சரியான பேஜாருடி நீ!"

எல்லாரும் சிரித்தார்கள். செல்லாயியும் சிரித்தாள்.

அன்று பொழுதுகூடச் சாயவில்லை. வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட காலனி ஆள் முனிரத்தினம் எழுந்திருக்கவேயில்லை. பூச்சி கடித்த அடையாளம்கூட இல்லை. கோயில் மணி அடிக்கும் அருள்தாஸ் கயிற்றைப் பிடித்தார். செல்லாயி வீட்டு வாசலில் நின்று எண்ணினாள்.

முப்பத்தெட்டு.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளே விண்ணப்பத்தில் மூன்று உருப்படிகளின் பெயரையும் எழுதித் தபாலில் போட்டாள். இனி மாற்ற முடியாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

அடுத்த வாரம் துணிந்து மறுபடி உட்கார்ந்தாள். அதே உச்சி வெயில். இந்தத் தடவை ஒரே அடி, அதோடு நிறுத்திவிடுவது என்று முடிவு. அடித்தாள். விரலை எடுக்கப் பார்த்தாள். விரல் வரவில்லை. அது தூக்குகிறது, இறக்குகிறது. தன் கைதானா என்று குனிந்து பார்த்தாள். நகக்கண்ணில் சேறு. தன் கைதான்.

பத்தொன்பதில் நின்றது.

நாலாம் நாள் காய்ச்சலில் போனான் காலனிப் பையன் வேதகிரி. பத்தொன்பது வயசு.

அதற்குப் பிறகு காலனியில் ஒருவரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, சிட்டம்மாளைத் தவிர.

"ஏண்டி, ஆண்டைக்கு வர்ற சித்திரையோட அம்பத்தெட்டு. அத்த ஒரு வாட்டி அடிச்சிப் பாரேன். ஊருக்கே நல்லது."

"சும்மா இருக்கா. நானா அடிக்கிறேன்? கை அடிக்குது."

சிட்டம்மாள் சிரிப்பதை நிறுத்தினாள். அந்த இடது கையையே பார்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அன்று மாலை அருள்தாஸ் பங்களாவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். "மனசுல ஒண்ணும் வெச்சிக்காதம்மா. புள்ள குட்டி கீற ஊரு இது."

போட்டி நாள். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து ரயில். வழி முழுக்க ஒரே யோசனை. மூன்றாவதை வாசிக்காவிட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். வாசித்தால் ஒரு உயிர். யாருடையது என்று அடித்து முடித்த பிறகுதான் தெரியும்.

மேடையில் உட்கார்ந்தபோது பளிச்சென்று தோன்றியது. கை போதும் என்கிற வரைதானே? தொடுவதற்கு முன்பே போதும் என்றால்?

முதல் இரண்டும் நன்றாகவே வந்தன. மூன்றாவது. மெட்டு பாதியில் நின்றது. இடது கையைக் கடைசிக் கட்டைக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். தொடவில்லை. விரல் கீழே இறங்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். வேர்வை புருவத்தில் இறங்கியது. சபையில் ஒரு செருமல்கூட இல்லை. ஒரு வழியாகக் கையை மடியில் போட்டு, மெட்டை முடித்தாள்.

எழுந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது.

"அந்த நிசப்தம்! அதுதான் இக்காலத்துச் சங்கீதம்!" என்றார் நடுவர்.

முதல் பரிசு. ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தாள். தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கூவத்தில் போட்டாள். கணக்கு தீர்ந்தது என்று நம்பினாள்.

அக்டோபரில் ஒரு நாள், ஆறாம் வகுப்புப் பாட்டுப் பாடம் நடக்கும்போது வாசலில் ஓர் ஆள். அருள்தாஸ். காலில் செருப்பில்லை. பஸ் புழுதி முகத்தில் அப்பியிருந்தது.

"மாமா! ஊருல எல்லாரும் நல்லாகீறாங்களா?"

"ஏழு மாசமா நான் கயித்தத் தொடலம்மா."

"நல்லதுதானே?"

"நல்லதா? நீ போட்டிக்குப் போன நாள்லேருந்து ஒரு சாவு இல்ல. நாங்களும் நல்லதுன்னுதான் நெனச்சோம். ஆடியில மேலண்ட வூட்டு முனியன் கெணத்துல வுயுந்தான். மூணு நாளு கயிச்சிதான் பாத்தோம். உடம்பு ஊறிப்போய் மெதந்துக்கினு இருந்தான். தூக்கிப் போட்டா..." அருள்தாஸ் முகத்துப் புழுதியைத் துண்டால் துடைத்தார். "கண்ணத் தொறக்குறான்."

செல்லாயி பியானோவின் மூடியைச் சாத்தினாள்.

"மூக்குலயும் வாயிலயும் தண்ணி வயிஞ்சிக்கினே கீது. இன்னும் நிக்கல. தோலு கையோட வருது. பொதைக்கவும் முடியல, வூட்ல வெச்சிக்கவும் முடியல. தண்ணிக்கு நடுவால ஒரே பேச்சுதான் பேசுறான். நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு. அது அவன் வயசு."

"நான் இன்னா பண்ணணும்?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஊருக்கு வரவாணாம். இங்கியே அடி. அவன் போய்ச் சேரட்டும்."

"தாள் இல்ல மாமா. கிழிச்சிட்டேன்."

"கை கீதே."

அவள் இடது கையைப் பார்த்தாள். அது ஏற்கெனவே மூடிமேல் இருந்தது.

போட்டியில் ஒரு உயிரும் எடுக்காமல் கரையேறிவிட்டோம் என்று ஏழு மாசம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். இப்போது தெரிந்தே அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் முனியன் அப்படியே கிடப்பான்.

"பிள்ளைங்களா, எல்லாரும் மைதானத்துக்குப் போங்க. ஓடுங்க!"

பதினோரு வயசுப் பெண்கள் கூச்சலோடு ஓடினார்கள்.

"மாமா, உங்களுக்கு இன்னா வயசு?"

"அம்பத்திரண்டு. ஏன்?"

"நீங்களும் வெளிய போயிடுங்க."

"நான் எண்ணாம வேற யாரு எண்றது?" என்றார் அருள்தாஸ். கோயிலில் நிற்பதுபோலவே தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

செல்லாயி மூடியைத் திறந்து மெட்டைத் தொடங்கினாள். ஒரு சுரம்கூட மறக்கவில்லை. பாதியில் நின்றாள். விரல் இறங்கியது.

"ஒண்ணு," என்றார் அருள்தாஸ்.

பதினொன்று வந்தது. மைதானத்துச் சிரிப்பைக் காது கொடுத்துக் கேட்டாள். பன்னிரண்டு. மூச்சு விட்டாள். இருபத்து நாலு, அது அவள் வயசு. கண்ணை இறுக மூடினாள். இருபத்தைந்து. முப்பது. நாற்பது.

"நாப்பத்தொண்ணு. போதும்மா, ஆயிப்போச்சி."

விரல் மறுபடி இறங்கியது.

"வுடும்மா!"

"நான் அடிக்கல மாமா!" வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கல்லை இழுப்பது மாதிரி இருந்தது. "ஓடுங்க மாமா! எங்கனா ஓடிப் போங்க!"

"ஓடினா எண்ணிக்க மாறிடுமா?"

அவர் நகரவில்லை. முப்பது வருஷப் பழக்கம், வாய் தன்பாட்டுக்கு எண்ணியது. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

ஐம்பதில் அருள்தாஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

விரல் நிறுத்தவில்லை.