தேடுகிறவர்களுக்குக் காட்டாதே

அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. கை வளையவில்லை. தம்பி முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். அம்மா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தானையும் போட்டதும், "காலர் தூக்கிட்டு நிக்குது பாரு," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

பழைய ஃப்ரிட்ஜ், இரும்பு அலமாரி என்று எதைக் கொடுத்தாலும் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துப் புதிதாக்கித் தருவது அப்பாவின் தொழில். துக்கம் கேட்க முதலில் வந்தவர் பேக்கரி நடத்தும் ஒரு அம்மாள்.

"கறை இல்லாத சட்டையில இவர இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார். யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். "எங்க கடை ஃப்ரிட்ஜ் எல்லாமே இவர் கை பட்டதுதாம்மா. போன வருஷம் திரும்ப அடிக்கணும்னு தேடுனேன். பழைய நம்பர் போகல. கடையும் அங்க இல்ல. ஃபோன்ல கடைப் பேரப் போட்டா யார் யாரோ வராங்க, இவர் வரல. எத்தனை தடவை தேடியிருப்பேன். சரி, மனுஷன் போயிட்டார்போலன்னு நெனச்சு விட்டுட்டேன்."

அவள் மாடிப்படியில் போய் நின்று தன் ஃபோனில் தேடினாள். எவ்வளவு தள்ளிப் பார்த்தும் அப்பா வரவில்லை. அப்பாவின் தொழிலுக்கென்று இருந்த வெப்சைட்டின் முகவரியை முழுதாக அடித்தாள். உடனே திறந்தது. பச்சை ஃப்ரிட்ஜ் ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்பா நின்றார். கீழே இந்த வீட்டு விலாசம், புது நம்பர், எல்லாம் இருந்தது.

தம்பி வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன் அவன்தான்.

"டேய், அட்ரஸ் அடிச்சா வருது. தேடுனா ஏன் வரல?"

"இப்பவா இதக் கேக்குற?"

"இப்பத்தான்."

"செட்டிங்ல ஒரு டிக் இருக்கும்க்கா. தேடுறவங்களுக்குக் காட்டாதேன்னு. சைட் வேலை முடியிற வரைக்கும் போட்டு வைப்போம்."

"எடுக்க மறந்துட்டியா?"

நாற்காலிக் காலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். "மறக்கல."

அப்பா தினமும் காலையில் முகவரியை எழுத்துக் கூட்டி அடித்துத் திறந்து பார்ப்பார். அவர் அடித்தால் வரும். ஊருக்கே அப்படித்தான் வருகிறது என்று நம்பினார். "எல்லாரும் எட்டிப் பாத்துட்டுத்தாம்மா போறாங்க. நான்தான் யாருக்கும் வேணாம்போல," என்று அவளிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறார். முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிக்காமல். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. அப்பாவைத் தேடியிருக்கிறார்கள். அது அம்மாவுக்காவது தெரிய வேண்டும். உள்ளே போய் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஆள் வராம இல்ல. தம்பிதான்..."

"மெதுவாப் பேசு," என்றாள் அம்மா. "அவன ஒண்ணும் சொல்லாத. நான்தான் செய்யச் சொன்னேன்."

அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"பெயிண்ட் புகை இனி ஆகாது, நுரையீரல் தாங்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். உங்கப்பா யார் பேச்சக் கேட்டார்? ஆளே வரலைன்னா தானா அடங்குவார்னு நெனச்சேன். அடங்கினார். அதனாலதான் இத்தனை நாள் எனக்கு இருந்தார்."

"எப்படிம்மா இருந்தார்?"

நுரையீரல் தாங்கத்தான் செய்தது. நேற்று மதியம் நின்றுபோனது இதயம்.

"வெளிய தெரிஞ்சா நானே கொன்னுட்டேன்னு பேசுவாங்க," என்றாள் அம்மா. "சொல்லுவியா?"

கிளம்ப எழுந்த பேக்கரிக்கார அம்மாள் அவர்கள் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இன்னைக்குப் போஸ்டரப் பாத்துத்தான் தெரியுது, நாலு தெரு தள்ளி இங்கயேதான் இருந்திருக்கார். தெரிஞ்சிருந்தா வந்து ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். வேலையும் குடுத்திருப்பேன். நான்தான் ஒழுங்காத் தேடலையோ?"

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள் அவள். "ஒழுங்காத் தேடியிருந்தா வந்திருக்கும்."

அந்த அம்மாள் தலையாட்டினார். வாசலைத் தாண்டி, தெருவில் நிழல் விழுந்த பக்கமாக ஒதுங்கி நின்று, கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். திரையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒற்றை விரலால் அடித்தார். பார்த்தார். அழித்துவிட்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.