ஃப்ரிட்ஜுக்குள் வண்டிச் சாவி

உர்ரென்ற சத்தம் பதிவில் விழக்கூடாதென்று ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியவள், வண்டிச் சாவியை அதற்குள் முட்டைத் தட்டில் வைத்து மூடினாள். சாவியைத் தேடும்போதாவது ஃப்ரிட்ஜ் நின்று கிடப்பது நினைவுக்கு வருமே! இரண்டு முறை பால் கெட்டுப்போன பிறகு வந்த புத்தி அது.

மாலை ஐந்து மணிக்குள் வாசித்துப் பதிவை அனுப்பியாக வேண்டும். ஒரு நாடகக் குழு புல்லாங்குழலுக்கு ஆள் தேடுகிறது. எட்டு நிமிடம், ஒரே வாசிப்பு, வெட்டி ஒட்டக் கூடாது. கல்யாணமாகிப் பதினோரு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தவளிடம், அனுப்புங்கள் கேட்கிறோம் என்று யாரோ சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலைக்கு அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

படுக்கையறை அலமாரிக் கதவுகளை விரியத் திறந்துவைத்தாள். தொங்குகிற துணிகள் எதிரொலியை அடக்கிவிடும். ஜன்னலுக்கு இரண்டு போர்வை. போனுக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டி, விரல்கள் இருக்கும் பக்கமாக ஒரு கை தள்ளி நிறுத்தினாள். வாய்க்கு நேரே வைத்தால் காற்றுதான் புஸ்புஸ்ஸென்று பதிவாகும். ஃபேன் கிடையாது. முதுகில் வியர்வை வழிந்தது.

முதல் தடவை கீழே தண்ணீர் மோட்டார் போட்டார்கள். இரண்டாவது தடவை வாசல் மணி. மூன்றாவதில் அவளுக்கே விரல் தப்பியது. நான்காவது தடவை வாசிப்பு அப்படி அமைந்தது. கீழ் ஸ்வரத்தில் நின்ற இடமெல்லாம் மூச்சு அசையவே இல்லை. முடித்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. மணி நான்கு பத்து.

போட்டுக் கேட்டாள்.

குழல் தொடங்கியது. நீண்ட ஸ்வரம் ஒரு நொடி கேட்டது, பிறகு கிணற்றுக்குள் விழுந்தாற்போல் அமுங்கிப்போனது. அடுத்ததும் அப்படியே. அந்த வெற்றிடத்தில், கூடத்திலிருந்து கணவனின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"அதுவா சார்? ஒண்ணுமில்ல, வீட்ல ஏதோ சத்தம். நீங்க சொல்லுங்க, கிழக்கு பாத்த மனைதான் வேணுமா?"

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. போனில் தேடினாள். 'இரைச்சல் நீக்கு' என்று ஒன்று போடப்பட்டிருந்தது. பேச்சுக்காகச் செய்த வசதி. நீளமாக ஒரே சீராக எது ஒலித்தாலும் ஃபேன் சத்தம் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

கூடத்துக்குப் போனாள். மனைத் தரகரான அவள் கணவன் சோபாவில் கால் நீட்டியிருந்தான்.

"இதை யாரு போட்டது?"

"நான்தான். காலைல பாத்தேன். பேச்சு நல்லா தெளிவா கேக்கும்ல?"

"நான் என்ன பேசவா போறேன்? குழலையே தின்னுடுச்சு. கேளுங்க."

கேட்டான். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "போனுக்கே தெரிஞ்சிருக்கு பாரேன், எது சத்தம்னு!"

அதைச் சொல்லிவிட்டு டீ கேட்டான், மகாராஜன்.

அவள் டீ போடவில்லை. வாசல் கதவைத் திறந்தாள்.

"வெளிய போங்க."

"என்னது?"

"எட்டு நிமிஷம். படிக்கட்டுல போய் உக்காருங்க. உங்க பேச்சையும் எடுத்துட்டுப் போங்க."

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் போனான். தாழ்ப்பாளை அவள் போட்ட வேகத்தில் கதவே அதிர்ந்தது.

போனில் 'இரைச்சல் நீக்கு'வை அணைத்தாள். கோபத்தோடு ஊதினால் குழல் கீச்சிடும். அதனால் நின்றாள், பத்து எண்ணினாள், கோபம் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று ஊதினாள். கீழ் ஸ்வரத்தைப் பிடித்து, துடைடா பார்க்கலாம் என்று, மூச்சு முட்டும் வரை விடாமல் நிறுத்தினாள். முந்தைய வாசிப்பின் நளினம் இதில் இல்லை. இரண்டு இடத்தில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் குழல் முழுசாக இருந்தது. நான்கு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினாள். 'கிடைத்தது' என்று உடனே பதில் வந்தது.

பாவம், வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாரே என்று கதவைத் திறந்தாள். அவன் முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்ப போன்ல கேட்டீங்களே, அந்தச் சத்தம், அதை வாசிச்சது எங்க வீட்டுக்காரம்மாதான் சார். அப்படியா, அவ்வளவு நல்லாவா இருந்துச்சு? பின்ன, பதினோரு வருஷமா விடாம ஊதுன்னு நான்தானே ஊக்கம் குடுத்துட்டு இருக்கேன்! இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவன் அவளைப் பார்த்து இளித்தான். "வண்டிச் சாவி எங்கம்மா?"

"போன்கிட்ட கேளுங்க. அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

உள்ளே போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைச் செருகினாள். சாவியை எடுக்கவில்லை.