மூவரில் கடைசி ஆள்

அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள் ஜுசாரா. இளைத்துப்போன கழுத்தில் அது நிற்கவில்லை. தம்பி நில்ட்டன் கல்லறைத் தோட்டத்து மண்டபத்துக்குள் வேகமாக வந்து சவப்பெட்டியருகே குனிந்தான்.

"அக்கா, அந்த எவரிஸ்டோ கல்லறை வாசல்ல நிக்கிறான். உள்ள விடாத. அப்பா இருந்தா விட்டிருப்பாரா?"

விட்டிருக்க மாட்டார். அப்பா அடெமார் ஓய்வுபெறும்வரை ரியோவில் பஸ் ஓட்டியவர். அதற்கு முன்னால் டிரம்ஸ் வாசித்தவர். பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் சேர்ந்து, சாம்பாவையும் ஜாஸையும் கலந்து அறுபத்து நாலில் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். அது கடைக்கு வந்த கையோடு பாஸ் வாசித்த எவரிஸ்டோ மெக்சிகோவுக்குப் பறந்துவிட்டான், குழு கலைந்தது. வீட்டில் சொல்லப்பட்ட கதை இதுதான். பியானோ வாசித்தவரும் இறந்து வெகுகாலமான பிறகு, போன வருடம் யாரோ அந்தத் தட்டைப் பழைய சாமான் கடையில் கண்டெடுத்து மறுபடி வெளியிட்டார்கள். கேமராவோடு தேடி வந்தவர்களிடம், "அதுல டிரம்ஸ் வாசிச்சவன் செத்துட்டான்பா" என்று சொல்லி அப்பா கதவைச் சாத்தினார்.

ஜுசாரா வெளியே போனாள். வெயிலில் தடியூன்றி நின்றிருந்தார் கிழவர்.

"எதுக்கு வந்தீங்க?"

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேம்மா."

"அவர அம்போன்னு விட்டுட்டுப் போனவர்தான நீங்க?"

"அப்படியா சொன்னான்?" கிழவர் நிமிர்ந்தார். "பெட்டியோட ஏர்போர்ட் வரைக்கும் வந்தவன்மா அவன். ஏறப்போற நேரத்துல, வீட்ல அவ முழுகாம இருக்கா, நான் வரலடான்னு..." சட்டென்று நிறுத்தி, அவளை உற்றுப் பார்த்தார். "நீதான் மூத்தவளா?"

"ஆமா. அறுபத்தஞ்சுல, கார்னிவல் முடிஞ்ச வாரம் பொறந்தேன்."

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணி, பாதியில் நிறுத்தினார்.

"வயசாச்சும்மா, எல்லாம் குழம்புது. நாந்தான் விட்டுட்டுப் போனேன். அவன் சொன்னதுதான் சரி."

ஜுசாரா அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

யாரோ போனில் அந்த இசைத்தட்டைப் போட்டிருந்தார்கள். எவரிஸ்டோ கதவருகே நின்று காதைக் கொடுத்தார்.

"இப்ப ஓடுவான் பாரு... ஓடிட்டான்! எத்தன தடவ சொல்லியிருப்பேன், மெதுவாப் போடா கழுதைன்னு."

டிரம்ஸ் பியானோவை முந்திக்கொண்டு பாய்ந்தது. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நில்ட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெட்டியை மூடி, பக்கத்துக்கு மூன்று பேராகத் தூக்கினார்கள். ஜுசாராவும் ஒரு கைப்பிடியைப் பற்றியிருந்தாள். எவரிஸ்டோ தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"உங்களால ஆகாது பெரியவரே, நகருங்க" என்றான் நில்ட்டன்.

ஜுசாரா தன் விரல்களை ஓரமாக நகர்த்தி, அவர் கைக்கு இடம் விட்டாள்.