சைபருக்குக் கீழே ஒருவர்

என் புரோகிராம் நின்றால் எனக்குக் கோபம் வராது. ஏன் நின்றது என்று பார்க்காமல் "நிக்குது சோபனா, நிக்குது" என்று போன் போடுகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். மாதவராஜ் அந்த ரகம். கம்பைநல்லூருக்கு வெளியே அவருடைய குளிர் கிடங்கு, உள்ளே முழுக்கப் புளி மூட்டை. அதன் கதவுக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாசலில் இருக்கும் சென்சார், ஒருவர் உள்ளே போனால் ஒன்று கூட்டும், வெளியே வந்தால் ஒன்று கழிக்கும். எண்ணிக்கை சைபருக்கு வந்த பிறகு பொத்தானை அழுத்தினால்தான் விளக்கு அணையும், கதவு மூடும். மூடிவிட்டால் உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. மலிவாகக் கிடைத்தது என்று அப்படியொரு கதவை வாங்கிப் போட்டிருந்தார் மனிதர். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: எண்ணிக்கை சைபருக்குக் கீழே போகவே போகாது, போனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடு. எங்கள் தொழிலில் இதற்கு அசர்ஷன் என்று பெயர். நடக்கவே முடியாதது நடந்துவிட்டால், அதற்குப் பிறகு புரோகிராம் சொல்லும் எதையும் நம்பக் கூடாது. செத்தாலும் சாகட்டும், பொய் சொல்லக் கூடாது.

பங்குனியில் அது நிற்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் திரையில் மைனஸ் ஒன்று, கீழே சிவப்பில் ஃபேட்டல் எரர், என் போனில் கூப்பாடு. உள்ளே போனவர்களைவிட வெளியே வந்தவர்கள் ஒருவர் அதிகம். தினமும் நான் போய், உள்ளே ஆள் இல்லை என்று பார்த்து, சைபராக்கி மறுபடி ஓடவிட வேண்டும். சென்சாரை மாற்றினேன். எலியா, வௌவாலா என்று தேடினேன். ஒரு மண்ணும் இல்லை.

ஒரு நாள் வாசலிலேயே நின்றுகொண்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் வந்த ராமக்காள் உள்பக்கம் திரும்பி, "எல்லாரும் வந்துருங்க, நேரமாச்சு" என்று குரல் கொடுத்தாள். அதுவரை திரையில் சைபர். என் முழங்கையை ஏதோ ஜில்லென்று உரசிக்கொண்டு போனது. மைனஸ் ஒன்று.

"உள்ள யாருமே இல்லியே, யாரக் கூப்புடறீங்க?"

"புளி உலுக்கப் போனா அப்படித்தான் கண்ணு. மரத்து மேல இன்னும் யார் இருக்காங்கன்னு கீழருந்து தெரியாது. கூப்புட்டுட்டுத்தான் தோப்ப வுட்டு வருவோம். பொழுது சாஞ்சா பேர் சொல்லக் கூடாது, அதான் எல்லாரும்னு."

மாதவராஜிடம் சொன்னேன். சிரித்தார்.

"பேய்க்கும் சேத்து கூலி குடுக்கணுமா? அந்த ஒரு வரிய எடுத்துடும்மா."

"முடியாதுங்க. மைனஸ் ஒண்ணுல இருக்கறப்ப நெசமா ஒருத்தர் உள்ள போனா சைபர்னு காட்டும். ஆளு உள்ள இருக்கும்போதே கதவு மூடிக்கும்."

"அந்நேரத்துக்கு எவன் உள்ள போறான்?"

மறுநாள் சாயங்காலம் என் போன் கத்தவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இருப்புக் கொள்ளவில்லை. நானே கூப்பிட்டேன்.

"பெங்களூர்ல நம்ம மச்சான் பையன் அந்த வரிய எடுத்துட்டான்" என்றார் குஷியாக. "மொதல்ல மைனஸ் ஒண்ணு காட்டுச்சு. டீ குடிச்சுட்டு வந்து பாத்தா சைபர். மூடியாச்சு."

"ராமக்கா எங்கங்க?"

"வூட்டுக்குப் போயிருக்கும்."

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கிடங்கு வாசலில் ராமக்காளின் செருப்பு கிடந்தது. திறங்க என்றேன். அங்கேயே இருந்த மாதவராஜ் திரையில் இருந்த சைபரைக் காட்டினார். நான் செருப்பைக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது. பொத்தானை அழுத்தினார்.

கதவு விலகியது. ராமக்காள் வாசலை ஒட்டியே நின்றிருந்தாள், உதடு வெளுத்து. கையில் தலைச் சும்மாடு. எல்லோரையும் கூப்பிட்ட பிறகு, மறந்த சும்மாட்டை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். மைனஸ் ஒன்று சைபராகிவிட்டது. அவளை வெளியே இழுத்து என் துப்பட்டாவைப் போர்த்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வெளக்கு அணைஞ்சதும் தெச தெரியல கண்ணு. மூட்டைக்கு மூட்ட முட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அங்கியே வுளுந்து போயிருப்பேன். நல்ல வேளை, எல்லாரும் வந்துருங்கன்னு வெளியருந்து கூப்புட்டீங்க. அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டுதான் கதவுகிட்ட வந்தேன்."

நான் கூப்பிடவில்லை. மாதவராஜைப் பார்த்தேன். அவரும் இல்லையென்று தலையாட்டினார்.

"யார் கொரலு மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எங்கொரலு மாதிரிதான் இருந்துச்சு."

திரும்பித் திரையைப் பார்த்தேன். அவள் வெளியே வந்தாயிற்று, மைனஸ் ஒன்று காட்ட வேண்டும். சைபர் என்றே காட்டியது. அவள் வந்த வழியில் இன்னொருவர் உள்ளே போயிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை மறுபடி எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்தார்கள். திரையில் சைபர். மூடலாம் என்றுதான் புரோகிராம் சொன்னது. ராமக்காள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கூப்புடுங்க" என்றேன். நேற்று போனவரை உள்ளே வைத்து மூட எனக்கு மனசு வரவில்லை.

அவள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்த மாதவராஜ், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார்.