மேட்டு வயல் கில்மோரா

எங்கள் மலையில் எங்கு பார்த்தாலும் கில்மோரா முள்புதர்தான். ஆனால் ஜூன் தொடக்கத்தில் பழுப்பது எங்கள் மேட்டு வயல் வரப்பில் நிற்கும் ஒன்று மட்டும். மற்றதெல்லாம் அப்போதும் பச்சைக் காய். பழத்தைத் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும்.

என் மகள் கமுலியின் அப்பா டெல்லியிலிருந்து வருகிறார் என்று முதல் நாளே ஒரு கிண்ணம் பறித்து வைத்திருந்தேன். உப்பு, பச்சை மிளகாய், வறுத்த எள் சேர்த்து அம்மியில் அரைத்தேன். வருடம் ஒரு முறை வருபவர் முதலில் கேட்பது அந்தச் சட்னியைத்தான்.

இரண்டு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சற்று நேரத்தில் முற்றத்தில் வந்து நின்றார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வருவதாகச் சொன்னார். உட்கார இடமே கிடைக்கவில்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நாக்கு கருநீலமாக இருந்தது.

இந்தப் பொய்க்குக் காரணம் வேறொரு பெண் என்று தோன்றியிருந்தால் அழத் தெரிந்திருக்கும். எனக்கு வயல்தான் தோன்றியது. பதினெட்டு வருடம் எருக்கூடை சுமந்து ஏறிய வயல். பத்திரம் அவர் பெயரில். ஹோட்டல் கட்ட ஒருவர் நிலம் தேடுவதாகக் குளிர்காலத்தில் போனில் சொன்னார். கூடாது என்றேன். சரி, விடு என்றார். அந்த 'விடு'வை நம்பிக்கொண்டே ஆறு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

சோறு வைத்தேன். அதைத் தொடாமல் சட்னியை மட்டும் மூன்று முறை வழித்து நக்கினார். பசித்தவன் அப்படிச் சாப்பிட மாட்டான். நாக்கின் கறைக்கு ஒரு காரணம் தேடிக்கொள்கிறார் என்று புரிந்தது.

"மெதுவா சாப்பிடுங்க. சட்னி வைக்கறதுக்கு முன்னாடியே நாக்கு கறுத்துதான் இருந்துச்சு."

கை நின்றது.

"காலையிலயே வந்துட்டேன், கமுலிம்மா. அந்த ஆளு எடத்தப் பாக்கணும்னாரு."

"பாத்தாச்சா?"

"எழுதியும் குடுத்தாச்சு." பிறகு, ஆறுதல் சொல்வது போல, "புதர வெட்ட மாட்டாராம். பழம் ருசியா இருக்குன்னாரு. வர்ற விருந்தாளிங்க பறிச்சுத் திங்கட்டும்னாரு."

கேட்க எத்தனையோ இருந்தன. வாயில் வந்தது இதுதான்: "அவருக்கு யாரு பறிச்சுக் குடுத்தா?"

"நான்தான். முள்ளு குத்தும்ல, அவருக்குப் பழக்கமில்ல."

விரல்களில் கீறல்கள் இருந்தன. அதே விரல்களால் சோற்றைப் பிசைந்தார். சட்னி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. என் கை தானாகப் போய் அம்மியை வழித்து அவர் தட்டில் வைத்தது. அன்று முழுக்க அந்தக் கையை எனக்குப் பிடிக்கவில்லை.